நோட்டு வாங்கித் தந்த டிக்கெட்!

குட்டீஸ், உங்கள் பள்ளிக்கு எப்போதாவது ஒரு விஞ்ஞானியோ, டாக்டரோ, விமானியோ வந்து பேசியிருக்கிறாரா?

வந்திருந்தால் அந்த நாள் எப்படிப் போயிருக்கும் என்று நான் சொல்லட்டுமா? காலையில் பிரேயர் முடிந்ததும் எல்லோரையும் பெரிய ஹாலில் உட்கார வைத்திருப்பார்கள். மைக் 'கீ...' என்று கத்தியிருக்கும். சிறப்பு விருந்தினருக்குப் பொன்னாடை போர்த்தியிருப்பார்கள். அவர் முக்கால் மணி நேரம் பேசியிருப்பார். "யாருக்காவது சந்தேகம் இருந்தால் கேட்கலாம்" என்றதும் ஹாலே அமைதியாகியிருக்கும். பின்வரிசையில் ஒருவன் பக்கத்தில் இருப்பவனை இடித்து, "நீ கேளேன்டா" என்றிருப்பான். கடைசியில் யாருமே கேட்காமல், பலமாகக் கைதட்டிவிட்டு வகுப்புக்குப் போயிருப்பீர்கள்.

அடுத்த திங்கட்கிழமை, அவர் பேசியதில் உங்களுக்கு எவ்வளவு ஞாபகம் இருந்தது?

பல நாடுகளில் இப்போது பள்ளி மாணவர்களையும் பல துறை நிபுணர்களையும் சந்திக்க வைக்கும் பயிலரங்குகளும் முகாம்களும் நடக்கின்றன. நம் நாட்டிலும் உண்டு. அவற்றைப் பற்றித்தான் இன்றைக்குச் சொல்லப்போகிறேன். ஆனால் அதற்கு முன், 200 வருடங்களுக்கு முன்பு லண்டனில் இருந்த ஒரு பையனை நீங்கள் சந்திக்க வேண்டும். ஒரு பெரிய விஞ்ஞானியின் பேச்சைக் கேட்க அவனுக்குக் கிடைத்தது நான்கே நான்கு டிக்கெட். அந்த நான்கு டிக்கெட் அவனுடைய வாழ்க்கையை மட்டுமா மாற்றியது? உங்கள் தலைக்கு மேல் சுற்றுகிறதே மின்விசிறி, அதுவும் அந்த டிக்கெட்டுக்குக் கொஞ்சம் கடன்பட்டிருக்கிறது!

பைண்டிங் கடைப் பையன்

அவன் பெயர் மைக்கேல் ஃபாரடே. 1791 செப்டம்பர் 22-ல் பிறந்தான். அப்பா கொல்லர். அடிக்கடி உடம்புக்கு முடியாமல் போய்விடும். வீட்டில் வறுமை. அவனுக்கு ஒன்பது வயதாக இருந்தபோது வாரத்துக்கு ஒரே ஒரு ரொட்டிதான் கிடைத்ததாம். அதை வைத்துக்கொண்டு ஏழு நாளையும் ஓட்ட வேண்டும்.

எழுதப் படிக்க, கொஞ்சம் கணக்குப் போடத் தெரிந்ததோடு அவன் பள்ளிப்படிப்பு முடிந்தது. 13 வயதில் ஜார்ஜ் ரீபோ என்பவரின் புத்தகக் கடையில் எடுபிடி வேலைக்குச் சேர்ந்தான். அப்போது செய்தித்தாள் விலை அதிகம். அதனால் வாடகைக்கு வாங்கிப் படிப்பார்கள். ஒரு வீட்டில் பேப்பரைக் கொடுப்பது, அவர்கள் படித்து முடித்ததும் வாங்கி அடுத்த வீட்டில் கொடுப்பது, இதுதான் அவன் வேலை.

அடுத்த வருடம், 1805-ல், அதே கடையில் புத்தக பைண்டிங் தொழில் பழகச் சேர்ந்தான். ஏழு வருட ஒப்பந்தம். தாள்களை அடுக்கி, ஊசியால் தைத்து, பசை தடவி, தோல் அட்டை போட வேண்டும். பைண்டிங் செய்ய வந்த புத்தகங்களை அவன் தைத்ததோடு விடவில்லை. திறந்து படித்தான். கலைக்களஞ்சியம் ஒன்றில் இருந்த மின்சாரம் பற்றிய கட்டுரை அவனைப் பிடித்துக்கொண்டது. ஜேன் மார்செட் என்ற பெண்மணி, பேசிக்கொள்வதுபோல எழுதிய வேதியியல் நூலையும் படித்தான். படித்ததைச் சோதித்துப் பார்க்காமல் நம்ப அவனுக்கு மனசு வராது. கண்ணாடிக் குப்பியை வைத்து, தானே ஒரு சின்ன மின்சாரக் கருவி செய்தான்.

ரீபோ நல்ல முதலாளி. "வேலையைப் பார்க்காமல் என்ன படிப்பு?" என்று அவர் திட்டவில்லை.

அண்ணன் கொடுத்த ஷில்லிங்

ஒருநாள் கடைத்தெருவில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்ததை ஃபாரடே பார்த்தான். ஜான் டேட்டம் என்பவர் தன் வீட்டில், இரவு எட்டு மணிக்கு அறிவியல் பற்றிப் பேசுகிறார். நுழைவுக் கட்டணம் ஒரு ஷில்லிங். இந்த டேட்டம் வெள்ளிச் சாமான் செய்கிறவர். பெரிய பேராசிரியர் அல்ல. பகலில் உழைக்கிற இளைஞர்கள் மாலையில் வந்து கேட்பதற்காகவே வகுப்பு நடத்தியவர்.

ஒரு ஷில்லிங்குக்கு எங்கே போவது? ஃபாரடேயின் அண்ணன் ராபர்ட்டும் அப்பாவைப் போலக் கொல்லர்தான். அவர் தன் கூலியிலிருந்து தம்பிக்குப் பணம் கொடுத்தார். அப்படி 1810, 1811-ல் பன்னிரண்டு பதின்மூன்று வகுப்புகளுக்குப் போனான் ஃபாரடே.

அங்கே அவன் என்ன செய்தான் என்பதுதான் முக்கியம். பேச்சைக் கேட்டுக்கொண்டே முக்கியமான சொற்கள், பொருள்களின் பெயர்கள், சோதனையின் தலைப்பு, இவற்றை மட்டும் விறுவிறுவென்று குறித்துக்கொள்வான். கடைக்குத் திரும்பியதும் ஞாபகம் மறைவதற்குள் விரிவாக எழுதுவான். கருவிகளைப் படமாக வரையவும் வேண்டுமே! அவனுக்கு வரையத் தெரியாது. ரீபோவின் வீட்டில் மாஸ்கரியர் என்ற ஓவியர் குடியிருந்தார். அவரிடம் போய், பொருள்களைப் பார்க்கிறபடியே தாளில் வரைவது எப்படி என்று கற்றுக்கொண்டான்.

எழுதியதை எல்லாம் அழகாகப் பிரதி எடுத்து, தானே தைத்து, நான்கு தொகுதிகளாக பைண்டிங் செய்தான். அவற்றைத் தன் முதலாளி ரீபோவுக்கே அர்ப்பணம் செய்தான்.

யோசித்துப் பாருங்கள். அவன் பழகிய பைண்டிங், ஓவியரிடம் கற்ற படம், அண்ணன் உழைத்துக் கொடுத்த ஷில்லிங், எல்லாம் அந்த நோட்டுக்குள் இருந்தன!

நான்கு டிக்கெட்

ரீபோவுக்கு அந்த நோட்டுகளைப் பார்த்து ஒரே பெருமை. கடைக்கு வந்த டான்ஸ் என்ற வாடிக்கையாளரிடம் எடுத்துக் காட்டினார். அந்த இளைஞர் நோட்டை வாங்கிக்கொண்டு போய்த் தன் அப்பாவிடம் காட்டினார். அப்பா வில்லியம் டான்ஸ், ராயல் இன்ஸ்டிடியூஷன் என்ற அறிவியல் நிறுவனத்தின் உறுப்பினர். நோட்டைப் புரட்டிப் பார்த்தவர், "இந்தப் பையனுக்கு இதைக் கொடு" என்று டிக்கெட் கொடுத்தார். சர் ஹம்ப்ரி டேவியின் நான்கு உரைகளைக் கேட்பதற்கான டிக்கெட்!

டேவி யார் தெரியுமா? 1807-ல் மின்சாரத்தைப் பயன்படுத்திச் சோடியம், பொட்டாசியம் என்ற இரண்டு தனிமங்களைப் பிரித்துக் காட்டியவர். அவர் பேச்சைக் கேட்க லண்டன் சீமான்களும் சீமாட்டிகளும் குதிரை வண்டியில் வந்து குவிவார்கள். அந்தக் கூட்டத்துக்கு நடுவே, 1812-ம் வருடம் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை, மேல்மாடத்தில் கடிகாரத்துக்கு மேலே ஓர் இடத்தில் உட்கார்ந்து, 20 வயது பைண்டிங் தொழிலாளி குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார். (இனி அவரை 'அவன்' என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை!)

ஒன்றைக் கவனித்தீர்களா குட்டீஸ்? டிக்கெட் கிடைத்ததால் அவர் நோட்டு எழுதவில்லை. நோட்டு எழுதியிருந்ததால்தான் டிக்கெட் கிடைத்தது.

'பதில் இல்லை'

நான்கு உரையும் முடிந்தன. ஃபாரடேக்கு ஆசை வந்துவிட்டது. எப்படியாவது அறிவியல் வேலை வேண்டும்! பாத்திரம் கழுவுகிற வேலை என்றாலும் சரி. அப்போது ராயல் சொசைட்டியின் தலைவராக இருந்தவர் சர் ஜோசப் பேங்க்ஸ். அவருக்கு ஒரு கடிதம் எழுதினார். சில நாள் கழித்து வாசல் காவலாளியிடம் போய், "எனக்கு ஏதாவது பதில் வந்திருக்கிறதா?" என்று கேட்டார். கிடைத்தது இரண்டே வார்த்தை: பதில் இல்லை.

உங்களுக்கு அப்படி நடந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? நானாக இருந்தால் வீட்டுக்குப் போய்ப் போர்வையை இழுத்து மூடிக்கொண்டிருப்பேன்.

ஃபாரடே மறுபடி நோட்டை எடுத்தார். டேவியின் நான்கு உரைகளையும் படங்களோடு விரிவாக எழுதினார். ஏறக்குறைய 300 பக்கம் வந்தது. அதைத் தன் கையாலேயே பைண்டிங் செய்தார். இதற்கிடையில் 1812 அக்டோபரில் அவருடைய ஏழு வருட ஒப்பந்தம் முடிந்து, வேறொரு முதலாளியிடம் கூலிக்குச் சேர்ந்திருந்தார். அந்த வேலை அவருக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. டிசம்பர் மாதம், ஒரு கடிதத்தோடு அந்த நோட்டையும் சேர்த்து டேவிக்கே அனுப்பினார்.

தான் பேசியதை ஒருவன் இவ்வளவு கவனமாகக் கேட்டிருக்கிறான் என்று பார்த்தால் யாருக்குத்தான் மனம் குளிராது? டிசம்பர் 24-ம் தேதியிட்டு டேவியின் பதில் வந்தது. ஊருக்குப் போகிறேன், திரும்பி வந்ததும் உங்களைச் சந்திக்கிறேன் என்று அன்பாக எழுதியிருந்தார்.

ஜனவரியில் சந்திப்பு நடந்தது. ஆனால் அங்கேயும் ஏமாற்றம்தான்! வேலை ஒன்றும் காலியில்லை என்றார் டேவி. அறிவியலில் வருமானம் குறைவு, கையில் இருக்கும் தொழிலை விட்டுவிடாதே என்று புத்திமதியும் சொன்னார். வேண்டுமானால் எங்கள் நிறுவனத்தின் பைண்டிங் வேலைகளை உனக்கே தருகிறேன் என்றார்.

இரவில் வந்த வண்டி

கொஞ்ச நாள் போயிற்று. ஓர் இரவு, ஃபாரடே தூங்குவதற்காக உடை மாற்றிக்கொண்டிருந்தார். வாசலில் 'தட தட' என்று சத்தம். ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். அந்த ஏழைத் தெருவில் ஒரு பெரிய குதிரை வண்டி! அதிலிருந்து இறங்கிய சேவகர் ஒரு சீட்டைக் கொடுத்துவிட்டுப் போனார். டேவி காலையில் வரச் சொல்லியிருந்தார்.

என்ன நடந்தது என்றால், ஆய்வுக்கூடத்தில் இருந்த உதவியாளர் யாரோடோ சண்டை போட்டு அடித்துவிட்டார். அவரை வேலையை விட்டு நீக்கிவிட்டார்கள். அந்த இடத்துக்கு யாரைப் போடலாம் என்று யோசித்த டேவிக்கு, அந்த 300 பக்க நோட்டு ஞாபகம் வந்தது.

1813 மார்ச் 1. ஃபாரடே ஆய்வுக்கூட உதவியாளர் ஆனார். வாரத்துக்கு 25 ஷில்லிங் சம்பளம். தங்குவதற்கு அதே கட்டடத்தின் மாடியில் இரண்டு அறைகள்.

அதற்குப் பிறகு நடந்ததை உங்கள் அறிவியல் புத்தகமே சொல்லும். 1821-ல், மின்சாரம் பாயும் கம்பியைக் காந்தத்தைச் சுற்றிச் சுழல வைத்தார். மின் மோட்டாருக்கு அதுதான் ஆரம்பம். 1831-ல், காந்தத்தைக் கொண்டு கம்பிச் சுருளில் மின்சாரத்தைப் பிறக்க வைத்தார். மின் நிலையத்தில் சுற்றும் ஜெனரேட்டர், தெருமுனையில் நிற்கும் டிரான்ஸ்ஃபார்மர், வீட்டில் மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி எல்லாவற்றுக்கும் பின்னால் அந்த பைண்டிங் கடைப் பையன் இருக்கிறார்.

கிடைத்ததைத் திருப்பிக் கொடுத்தவர்

ஃபாரடே தன் நான்கு டிக்கெட்டை மறக்கவில்லை. டேவியின் பேச்சைக் கேட்ட அதே ராயல் இன்ஸ்டிடியூஷனில், 1825-ம் ஆண்டு சிறுவர்களுக்கான கிறிஸ்துமஸ் உரைகள் தொடங்கின. பள்ளி விடுமுறையில் பிள்ளைகள் வந்து, ஒரு நிபுணரின் பேச்சைக் கேட்டு, சோதனைகளைக் கண்ணெதிரே பார்க்கலாம். 1827 முதல் 1860 வரை ஃபாரடே மட்டும் 19 முறை இந்த உரைத் தொடரை நடத்தினார். 1855-ல் நடந்த உரையில் பட்டத்து இளவரசரே உட்கார்ந்து கேட்டார்!

அவற்றில் மிகவும் பெயர் பெற்றது மெழுகுவர்த்தி பற்றிய தொடர். ஒரே ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றி வைத்துக்கொண்டு, அது ஏன் எரிகிறது, மெழுகு எங்கே போகிறது, சுடரில் என்ன இருக்கிறது, நாம் மூச்சுவிடுவதற்கும் அது எரிவதற்கும் என்ன சம்பந்தம் என்று ஆறு உரைகளில் விளக்கினார். பெரிய கருவியைக் காட்டி மிரட்டவில்லை. வீட்டில் இருக்கும் பொருளையே எடுத்துக்கொண்டார்.

அந்தப் பேச்சையும் ஒருவர் விடாமல் குறிப்பெடுக்க ஏற்பாடு செய்தார். அவர் வில்லியம் குரூக்ஸ் என்ற விஞ்ஞானி. 1861-ல் அது புத்தகமாக வந்தது. உலகின் பல மொழிகளுக்குப் போனது.

இப்போது ஜப்பானுக்கு வாருங்கள். ஏறக்குறைய நூறு வருடம் கழித்து, அங்கே ஒரு பையன் நான்காம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தான். அவனுடைய ஆசிரியை, இந்த மெழுகுவர்த்திப் புத்தகத்தைப் படிக்கச் சொன்னார். படித்ததிலிருந்து அவனுக்கு வேதியியல் மேல் ஆசை. அந்தப் பையன்தான் அகிரா யோஷினோ. செல்போனிலும் லேப்டாப்பிலும் இருக்கிற லித்தியம்-அயான் பேட்டரியை உருவாக்கியதற்காக 2019-ல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்களில் ஒருவர். பரிசு கிடைத்தபோது அந்த ஆசிரியையையும் புத்தகத்தையும் அவரே நினைவுகூர்ந்தார்.

டேட்டம் பேசியதை ஃபாரடே எழுதினார். ஃபாரடே பேசியதை குரூக்ஸ் பதிப்பித்தார். அதைப் படித்த ஒரு பையன் உங்கள் வீட்டு செல்போனுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டான்!

உங்களுக்குத் தெரியுமா?

* கிறிஸ்துமஸ் உரைகள் 1825-ல் தொடங்கியதிலிருந்து, இரண்டாம் உலகப் போர் நடந்த 1939 முதல் 1942 வரை மட்டும்தான் நடக்கவில்லை. 1966 முதல் ஆண்டுதோறும் தொலைக்காட்சியிலும் வருகின்றன.

* 1977-ல் இந்த உரையை நிகழ்த்தியவர் வானியல் அறிஞர் கார்ல் சாகன். தலைப்பு, கோள்கள்.

* 1991-ல் வெளியான இங்கிலாந்தின் 20 பவுண்ட் நோட்டில், ஃபாரடேயின் முகமும் அவர் உரை நிகழ்த்தும் காட்சியும் இருந்தன. வாரம் ஒரு ரொட்டி தின்ற பையனின் படம் ரூபாய் நோட்டு மாதிரி ஒன்றில்!

சனிக்கிழமை வகுப்பு

சரி, மேடையில் ஒருவர் பேச, கீழே நூறு பேர் கேட்பது மட்டும் போதுமா? கையால் செய்து பார்க்க வேண்டாமா?

1978-ல் கிறிஸ்டோஃபர் சீமன் என்ற கணித அறிஞர் கிறிஸ்துமஸ் உரை நிகழ்த்தினார். கணிதத்துக்காகவே நடந்த முதல் கிறிஸ்துமஸ் உரைத் தொடர் அதுதான். அதற்குக் கிடைத்த வரவேற்பைப் பார்த்து, 1981-ல் ராயல் இன்ஸ்டிடியூஷன் கணிதப் பயிலரங்குகளைத் தொடங்கியது. ஆர்வமுள்ள மாணவர்களைப் பள்ளிகள் தேர்ந்தெடுத்து அனுப்பும். சனிக்கிழமைக் காலைகளில் சின்னச் சின்னக் குழுக்களாக உட்காருவார்கள். கணித அறிஞர்களும், கணிதத்தை வைத்து வேலை செய்கிற மற்றவர்களும் வந்து பாடம் எடுப்பார்கள். அங்கே மார்க் கிடையாது, பரீட்சை கிடையாது. பாடப்புத்தகத்தில் இல்லாத கணக்குதான் அங்கே விளையாட்டு. பிறகு பொறியியல், கணினி என்று பயிலரங்குகள் விரிந்தன.

பாடப்புத்தகத்தில் இல்லாத கணக்கு எப்படி இருக்கும் என்கிறீர்களா? ஒரு நீளமான காகிதப் பட்டையை எடுங்கள். ஒரு முனையை அரைச் சுற்று முறுக்கி, மறுமுனையோடு ஒட்டுங்கள். இப்போது பட்டையின் நடுவே நீளவாக்கில் கத்தரித்துக்கொண்டே போங்கள். இரண்டு வளையம் வரும் என்றுதானே நினைக்கிறீர்கள்? வெட்டிப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்!

ஒருநாள் விஞ்ஞானி

ஜெனீவா நகருக்குப் பக்கத்தில், பூமிக்கு அடியில் 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள ஒரு பெரிய வளையம் இருக்கிறது. அதுதான் செர்ன் ஆய்வகத்தின் துகள் மோதல் கருவி. அணுவுக்குள் இருக்கும் நுண்துகள்களை மோதவிட்டு ஆராய்கிறார்கள். அங்கே எல்லா மாணவர்களும் போக முடியுமா? முடியாது. அதனால் 2005 முதல் ஒரு ஏற்பாடு நடக்கிறது.

மேல்நிலைப் பள்ளி மாணவர்கள் தங்கள் ஊருக்குப் பக்கத்தில் உள்ள பல்கலைக்கழகத்துக்கு ஒருநாள் போவார்கள். காலையில் துகள் இயற்பியலாளர்கள் பாடம் சொல்வார்கள். பிறகு, செர்ன் சோதனையில் கிடைத்த உண்மையான தகவல்களையே கணினியில் கொடுத்துவிடுவார்கள். மோதலின் படத்தைப் பார்த்து, எந்தத் துகள் பிறந்தது என்று மாணவர்களே கண்டுபிடிக்க வேண்டும். மாலையில், அதே வேலையைச் செய்த வேறு நாட்டு மாணவர்களோடும் விஞ்ஞானிகளோடும் வீடியோ மூலம் பேசி, விடைகளை ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். விஞ்ஞானிகள் என்ன செய்கிறார்கள் என்று கேட்பதோடு நிற்காமல், அதையே ஒருநாள் செய்து பார்க்கிறார்கள்!

நம் ஊர் ராக்கெட் முகாம்

ஒன்பதாம் வகுப்பு அண்ணன், அக்காக்களே, இது உங்களுக்கு. நம் இந்திய விண்வெளி ஆய்வு மையமான இஸ்ரோ, 2019-ல் 'யுவிகா' என்ற திட்டத்தைத் தொடங்கியது. 'இளம் விஞ்ஞானி திட்டம்' என்று பொருள். நாடு முழுவதிலும் இருந்து ஒன்பதாம் வகுப்பு மாணவர்களைத் தேர்ந்தெடுத்து, கோடை விடுமுறையில் ஏறக்குறைய இரண்டு வாரம் தன் மையங்களில் தங்க வைக்கிறது. திருவனந்தபுரம், ஸ்ரீஹரிகோட்டா, பெங்களூரு, அகமதாபாத், ஹைதராபாத், டேராடூன், ஷில்லாங் ஆகிய இடங்களில் முகாம்கள் நடந்திருக்கின்றன. கொரோனா காலமான 2020, 2021-ல் நடக்கவில்லை. 2022-ல் மறுபடி தொடங்கியது.

அங்கே விஞ்ஞானிகளின் வகுப்பு உண்டு. ஆய்வுக்கூடங்களைச் சுற்றிப் பார்க்கலாம். இரவில் வானத்தைப் பார்க்கலாம். மாதிரி ராக்கெட் செய்து ஏவிப் பார்க்கலாம். போக வர, தங்க, சாப்பிட ஆகும் செலவை இஸ்ரோவே ஏற்றுக்கொள்கிறது.

எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள்? எட்டாம் வகுப்பு மார்க்கைப் பார்க்கிறார்கள். ஆனால் அதை மட்டும் பார்ப்பதில்லை. இணையவழி வினாடி வினா, அறிவியல் கண்காட்சி, ஒலிம்பியாட், விளையாட்டு, சாரணர் இயக்கம், என்.சி.சி. எல்லாவற்றுக்கும் மதிப்பெண் உண்டு. கிராமப்புறப் பள்ளியில் படிப்பவர்களுக்குத் தனியாக மதிப்பெண் சேர்க்கிறார்கள்.

ஏன் கிராமத்துப் பிள்ளைகளுக்குத் தனி மதிப்பெண்? ஃபாரடேயை நினைத்துப் பாருங்கள். அவருக்கு அண்ணனின் ஷில்லிங்கும் டான்ஸின் டிக்கெட்டும் கிடைத்தன. அது கிடைக்காமல் போன எத்தனை ஃபாரடேக்கள் கடைசிவரை பேப்பர் போட்டுக்கொண்டே இருந்துவிட்டார்களோ! கெட்டிக்காரத்தனம் எல்லா ஊரிலும் பிறக்கிறது. டிக்கெட்தான் எல்லா ஊருக்கும் வந்து சேர்வதில்லை. அதைக் கொண்டு சேர்ப்பது பெரியவர்களின் வேலை.

நோட்டு? அது உங்கள் வேலை!

நோட்டில் என்ன எழுதலாம்?

முகாமுக்குப் போனால்தான் என்றில்லை. அடுத்த முறை உங்கள் பள்ளிக்கு யாராவது பேச வரும்போது இதைச் செய்து பாருங்கள்.

போவதற்கு முன்: வரப்போகிறவர் என்ன வேலை செய்கிறார் என்று ஆசிரியரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கேட்க வேண்டிய மூன்று கேள்விகளை முன்கூட்டியே எழுதி வையுங்கள். எழுதி வைத்தால் "நீ கேளேன்டா" என்று பக்கத்தில் இருப்பவனை இடிக்க வேண்டியதில்லை.

கேட்கும்போது: அவர் சொல்வதை எல்லாம் எழுத முயலாதீர்கள். முடியாது. முக்கியமான சொல், புதிய பெயர், ஒரு சின்னப் படம் போதும். புரியாத இடத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுக்கொள்ளுங்கள்.

வந்த பிறகு: அன்று இரவே உட்கார்ந்து விரிவாக எழுதிவிடுங்கள். மறுநாள் என்று தள்ளினால் பாதி மறந்துபோகும். எழுதியதை வீட்டில் யாருக்காவது சொல்லிக் காட்டுங்கள். சொல்ல முடிந்தால் புரிந்துவிட்டது என்று அர்த்தம். வந்தவருக்கு ஆசிரியர் மூலமாக ஒரு நன்றிக் கடிதம் எழுதுங்கள்.

என்ன கேள்வி கேட்பது என்று தெரியவில்லையா? இதோ சில:

* காலையில் வேலைக்குப் போனதும் முதலில் என்ன செய்வீர்கள்?

* என் வயதில் உங்களுக்கு எது பிடித்திருந்தது? எது வரவே வராது?

* இந்த வேலையில் உங்களுக்குப் பிடிக்காத பகுதி எது?

* நீங்கள் செய்த ஒரு தவறையும், அதை எப்படிச் சரி செய்தீர்கள் என்பதையும் சொல்ல முடியுமா?

* உங்கள் துறையில் இன்னும் யாருக்கும் விடை தெரியாத கேள்வி எது?

நிபுணர் என்றால் கோட்டுப் போட்ட விஞ்ஞானி மட்டும்தானா? டேட்டம் வெள்ளி வேலை செய்கிறவர். மாஸ்கரியர் ஓவியர். ரீபோ கடைக்காரர். மூவரும்தான் ஃபாரடேக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். உங்கள் தெருவில் மோட்டார் காயில் கட்டுகிறவர், தையல்காரர், மருந்துக் கடைக்காரர், தபால்காரர் இருப்பார்களே! அவர்கள் ஓய்வாக இருக்கும் நேரம் பார்த்து, அப்பா அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போய், இதே கேள்விகளைக் கேளுங்கள். மோட்டார் காயில் கட்டுகிறவர் கையில் இருப்பதே ஃபாரடேயின் கம்பிச் சுருள்தானே!

செய்து பாருங்கள்: தாவும் சுடர்

ஃபாரடே தன் மெழுகுவர்த்தி உரையில் செய்து காட்டிய வேடிக்கை இது. நெருப்பு விஷயம் என்பதால் அப்பாவோ அம்மாவோ பக்கத்தில் இருக்க வேண்டும். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். தலைமுடியை இறுக்கக் கட்டிக்கொள்ளுங்கள்.

ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றி, சில நிமிடம் நன்றாக எரிய விடுங்கள். பெரியவர் ஒரு நீளமான தீக்குச்சியைக் கொளுத்தித் தயாராக வைத்துக்கொள்ளட்டும். மெழுகுவர்த்தியை மெதுவாக ஊதி அணையுங்கள். திரியிலிருந்து வெள்ளையாகப் புகை கிளம்பும். திரியைத் தொடாமல், இரண்டு அங்குலம் மேலே அந்தப் புகையில் தீக்குச்சியைக் காட்டச் சொல்லுங்கள். என்ன நடக்கிறது? சுடர் புகை வழியாகக் கீழே தாவி இறங்கி, திரியைப் பற்றிக்கொள்ளும்!

காரணம், நாம் புகை என்று நினைத்தது வெறும் புகை அல்ல. அதில் ஆவியான மெழுகு இருக்கிறது. மெழுகுவர்த்தியில் சுடராக எரிவது அந்த ஆவிதான். அதைத் தொட்டதும் நெருப்பு ஆவியின் வழியாகவே திரிக்கு வந்துவிடுகிறது.

பார்த்து முடித்ததும் என்ன செய்ய வேண்டும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை, இல்லையா குட்டீஸ்? போன வருட நோட்டுகளில் எழுதாத பக்கங்கள் மிச்சம் இருக்கும். அவற்றைப் பிரித்து எடுத்து, ஒன்றாக அடுக்கி, ஊசி நூலால் தைத்துவிடுங்கள். முதல் பக்கத்தில் இன்றைய தேதி போடுங்கள். மெழுகுவர்த்தி, திரி, புகை, தாவிய சுடர் எல்லாவற்றையும் வரையுங்கள். படம் கோணலாக வந்தால் பரவாயில்லை. ஃபாரடேக்கும் முதலில் வரையத் தெரியாது!